என் மனைவியின் அலைவரிசை

என் மனைவி என்னிடம் மரியாதையாகப் பேசும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தரையில் இல்லை. நான் தனியார் விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானி. அவள் ஹைதராபாத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறாள். ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இறங்க வருகிற விமானங்களுக்கு இந்த உயரத்துக்கு வா, இந்தப் பக்கம் திரும்பு, வேகத்தைக் குறை என்று ரேடியோவில் சொல்வது அவள் தொழில். வீட்டில் "ஏய், காது கேக்குதா இல்லையா?" என்று என்னைக் கூப்பிடுகிறவள், அங்கே என் விமானத்தின் எண்ணைச் சொல்லி அழைத்து, மாலை வணக்கம் சொல்லி, முடிவில் நன்றியும் சொல்வாள். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாருக்கும் சொல்வது போலவே. நானும் அப்படித்தான் பதில் சொல்வேன். அந்த அலைவரிசையை ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு விமானங்கள் கேட்டுக்கொண்டிருக்கும். பேச்செல்லாம் பதிவாகும். சொந்த விஷயமாக ஒரு சொல்கூடப் பேச முடியாது.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். நான் திருச்சிக்காரன். அவள் அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்து, செகந்திராபாத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். அதனால் அவள் பேசுகிற தமிழில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் நடுநடுவே விழும். எங்கள் ஏழு வயது மகளோ நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். கொண்டாப்பூரில் குடியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை விழுந்தால் மகளைச் செகந்திராபாத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இரண்டு பேருடைய ட்யூட்டி நேரங்களுக்கு நடுவே கிடைக்கிற சந்துகளில்தான் நடக்கிறது.

ரேடியோ வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லிவிட்டால் அதைச் செய்வதாக ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். அதை நம்பித்தான் அவர் அடுத்த விமானத்துக்கு வழி சொல்வார். சொன்னது செய்ய முடியாத காரியம் என்றால் அதற்கு 'அனேபிள்' என்று ஒரு சொல் இருக்கிறது. முடியாது, அவ்வளவுதான். காரணத்தைச் சொன்னால் வேறு வழி தருவார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாலும் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் லேசில் வாயில் வராது. முடியாது என்றால் ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற ரோஷம்.

என் விஷயத்தில் அது ரோஷம் இல்லை, பாவம் பார்ப்பது. மழைக்கால ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற அவளை நான்தானே பார்க்கிறேன்? கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே சோபாவில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை கூப்பிட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழும். என்னால் அவளுக்குத் தொல்லை வரக் கூடாது என்று வைத்திருந்தேன். அவள் குரல் கேட்டால் எனக்கு எல்லாமே சரிதான். இன்னும் பத்து மைல் சுற்றி வா என்றால் சரி. மற்றவர்கள் குறுக்கு வழி கேட்டு நச்சரிக்கும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். கூட ஓட்டும் கேப்டன்கள் இதை வைத்தே என்னைக் கிண்டல் பண்ணித் தீர்ப்பார்கள். வீட்டில் சொல்ல முடியாததை மேலே வந்தா சொல்லப் போகிறாய் என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவேன்.

ஹைதராபாத் மே மாதம் ஒரு மாதிரியானது. மத்தியானம் வரை வறுத்தெடுக்கும். சாயங்காலம் திடீரென்று புழுதியைக் கிளப்பிவிட்டு இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும். அன்று காலையில் மகளை மாமியார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோதே காற்று அடைத்துக்கொண்டு நின்றது. மனைவி வானத்தைப் பார்த்தாள். எனக்கு அது வெறும் நீலமாகத்தான் தெரிந்தது.

"சாயங்காலம் மழை நிச்சயமா வரும். நீ எத்தனை மணிக்கு எறங்குற?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"ஹவ், அப்ப நான்தான் இருப்பேன்" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை. வெயிலில் நின்றபடி கார் சாவியால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம்.

சாயங்காலம் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றைய கேப்டன் செகந்திராபாத்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மெண்டுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். சின்னவர் பெரியவர் என்றில்லாமல் எல்லாரையும் 'பாய்' என்பார். அன்றைக்கு ஓட்டுவது அவர், ரேடியோவில் பேசுவது நான் என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

"உங்க ஹோம் மினிஸ்டர் இன்னைக்கு ட்யூட்டியா பாய்?"

"ஆமா சார்."

"அச்சா. அப்ப நம்மளக் கடைசியில நிக்க வெச்சுருவாங்க" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஹைதராபாத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே எங்கள் முன்னாலிருந்த வானிலைத் திரையில் கறைகள் தோன்ற ஆரம்பித்தன. பச்சை என்றால் சும்மா மழை. மஞ்சள் என்றால் தூக்கிப் போடும். சிவப்பு என்றால் உள்ளே போகவே கூடாது. விமானத்தைப் பிடித்து உலுக்குகிற காற்றும், கண்ணாடியை உடைக்கிற ஆலங்கட்டியும் அதற்குள்தான் இருக்கும். அன்று நகரத்தின் கிழக்கே சிவப்பு ஒரு சுவர் போல நின்றது. நாங்கள் இறங்க வேண்டியதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். சுவரில் ஒரே ஒரு இடைவெளி இருந்தது. வந்துகொண்டிருந்த எல்லா விமானங்களுக்கும் அந்த இடைவெளிதான் வேண்டியிருந்தது.

விமானப் பணிப்பெண்களை முன்கூட்டியே உட்காரச் சொல்லிவிட்டு அவள் அலைவரிசைக்கு மாறினேன். பேச இடம் கிடைக்கவில்லை. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒதுங்க அனுமதி கேட்டார் ஒருவர். இறங்க முடியவில்லை, திரும்ப மேலே ஏறுகிறேன் என்றார் வேறொருவர். நடுவில் அவள் குரல் கேட்டது. வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

மற்றவர்களுக்குப் பயம் வந்தால் குரல் உயரும். அவளுக்கு இறங்கும். ஒரு தடவை எங்கள் மகள் மூன்று வயதில் ஒரு பாசிமணியை மூக்கில் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறியபோது, அவள் சமையலறையிலிருந்து வந்து, "வண்டிய எடு" என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்காது. அந்தக் குரல்தான் இப்போது என் காதுக்குள் கேட்டது. பன்னிரண்டு விமானங்களுக்கும் அது நிதானமான, திறமையான குரலாகத்தான் கேட்டிருக்கும். "மேடம் கலக்குறாங்க பாய்" என்று கேப்டனே சொன்னார். அவள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த வானத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் எண்ணைச் சொல்லி, உயரத்தைச் சொல்லி, மாலை வணக்கம் சொன்னேன். அவளும் சொன்னாள்.

முதலில் எங்களை ஒரே இடத்தில் வட்டமடிக்கச் சொன்னாள். சரி என்றேன். பிறகு இறங்கச் சொன்னாள். இறங்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னாள், கீழே மேகத்துக்கு ஒதுங்கி வந்த விமானம் ஒன்று குறுக்கே போனது. சரி என்றேன். அது போய்ச் சேர்வதற்குள் நாங்கள் ஓடுபாதையை நோக்கி வெகுவாக நெருங்கிவிட்டோம். ஆனால் உயரம் குறையவில்லை. அந்தத் தூரத்தில் இருக்க வேண்டிய உயரத்தைவிட நாங்கள் ஏகத்துக்கு மேலே இருந்தோம். மின்னல் ஒவ்வொரு தடவையும் விமானத்துக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. கேப்டன் கிராம்பைக் கடித்துத் துப்பிவிட்டார்.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. இடது பக்கம் திரும்பு, சீக்கிரமாக இறங்கு, வேகத்தையும் குறை. மூன்றும் ஒரே மூச்சில்.

மேம்பாலத்தில் வண்டி இறங்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கலாம், கீழே ரோடு இருக்கிறது. விமானத்துக்குக் கீழே ரோடு கிடையாது. இறங்குவதற்காக மூக்கைக் கவிழ்த்தால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் இறங்காது. இறக்கையின் மேல் இருக்கிற தடுப்புகளைத் தூக்கிக் கொஞ்சம் சமாளிக்கலாம். அதைக்கூடச் செய்திருப்போம். ஆனால் இடது பக்கம் என்று அவள் சொன்ன இடத்தில், எங்கள் திரையில், மற்ற இடத்தைவிடக் கெட்டியான சிவப்பு இருந்தது. அவள் திரையில் விமானங்கள் தெரிகிற தெளிவில் மழை தெரியாது. எந்த மேகத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

கேப்டன் திரையைப் பார்த்தார். "லெஃப்ட் நக்கோ பாய். அதுக்குள்ள போனா முடிஞ்சுது" என்றார்.

நான் ரேடியோ பொத்தானை அழுத்தினேன். என் நாக்கில் 'சரி' தயாராக இருந்தது. பழகிய நாக்கு அது. மேகத்தைப் பார்த்து எனக்கு இருந்த பயம் ஒரு பக்கம். அதைவிட, நான் சொல்லப் போகிற சொல்லைப் பார்த்து இன்னும் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற குரல் அது. அதன் தலையில் நானும் ஒன்றை ஏற்றி வைத்தால் தாங்குமா? அவள் தாங்காமல் போனால் அங்கே எத்தனை விமானங்கள். கேப்டன் என் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் அலைவரிசையே அடைபட்டுப் போகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அனேபிள்" என்றேன். வானிலை காரணமாக இடது பக்கம் திரும்ப முடியாது என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் சொன்ன முதல் 'முடியாது' அதுதான் என்று கேப்டன் பிறகு தமாஷ் பண்ணினார். அப்போது யாருக்கும் தமாஷ் வரவில்லை.

அவள் எங்கள் விமானத்தின் எண்ணைச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

எண்ணைச் சொல்லிவிட்டு உத்தரவைச் சொல்லாமல் எந்தக் கட்டுப்பாட்டாளரும் நிறுத்த மாட்டார். கேப்டனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் கேட்டாள், எந்தப் பக்கம் திரும்ப முடியும்? வலது என்றேன். வலது பக்கம் இப்போது முடியாது, அங்கே ஒரு விமானம் வந்துகொண்டிருக்கிறது, அப்படியே நேராகப் போ என்றாள். நேராகப் போனால் சிவப்பின் ஓரம் எங்களைத் தொடும். அதையும் சொன்னேன். தெரியும் என்று மட்டும் பதில் வந்தது.

தொட்டது. யாரோ கூடைகூடையாகச் சரளைக் கற்களை அள்ளி எங்கள் முகத்தில் வீசுவது போலச் சத்தம். முன் கண்ணாடியில் ஆலங்கட்டி. விமானம் ஒரு தடவை அடிவயிறு தொண்டைக்கு வருகிற மாதிரி விழுந்து, உடனே தூக்கியடிக்கப்பட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து பயணிகளின் அலறல் ஒரே குரலாகக் கேட்டது. வேகம் காட்டுகிற முள் மேலேயும் கீழேயும் ஓடியது. கேப்டன் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி, விமானத்தை நேராக வைத்திருந்தார். சாமி பேரா, வசவா என்று தெரியவில்லை. எனக்கு என் மகள் ஞாபகம்தான் வந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இந்த நேரத்தில் இந்த ஒரே சங்கதியில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஏதாவது ஆனால் அதை முதலில் பார்க்கப் போகிறவள் அவள் அம்மா. திரையில் ஒரு புள்ளி இருக்கும், பிறகு இருக்காது. அதைப் பார்த்த பிறகு அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையிடம் என்ன சொல்வாள்? கையில் பிடித்திருந்த பேனா நழுவிக் கீழே எங்கேயோ போய்விட்டது.

அலைவரிசையில் அவள் குரல் வந்தது. எங்களுக்கு இல்லை. வலது பக்கமிருந்து வந்துகொண்டிருந்த விமானத்துக்கு. உடனே திரும்பு, இப்போதே என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த சூடு எனக்குப் பழக்கமானது, வீட்டில் கேட்டிருக்கிறேன். ரேடியோவில் கேட்டதே இல்லை. அந்த விமானி திருப்பிச் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் அலைவரிசை அமைதியாகிவிட்டது.

ஒருவர் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொருவர் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு கேட்டபோது கேப்டன் ரெண்டு மூச்சு விடுகிற நேரம் என்றார். எனக்கு அது அப்படி இருக்கவில்லை. மயங்கி விழுந்துவிட்டாளா? அந்த அறையில் ஏதாவது ஆகிவிட்டதா? நான் சொன்ன ஒரு சொல்தான் அவளை இப்படிச் செய்துவிட்டதா? கூப்பிட்டுக் கேட்க என் கையிலேயே பொத்தான் இருந்தது. கேட்க ஒரு சொல்கூட எனக்கு அனுமதி இல்லை.

பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. புதுக் குரல். அது எங்கள் எண்ணைச் சொல்லி, வலது பக்கம் திரும்பச் சொல்லி, உயரம் சொன்னது. வேகம் எங்கள் சௌகரியம் என்றது. நான் திருப்பிச் சொன்னேன். கேப்டன் திருப்பினார். மேகத்தின் ஓரத்திலிருந்து நாங்கள் வெளியே வந்து விழுந்தோம். வெளியே மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூட மிச்சமிருந்தது. கீழே ஈரமான பாறைகளும் ஏரிகளும் அவுட்டர் ரிங் ரோட்டில் விளக்குப் போட்ட வண்டிகளும் தெரிந்தன.

"சார், அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் பாய்" என்றார் கேப்டன். "எதுக்கு இப்ப அது? மொதல்ல எறங்குவோம்."

இன்னொரு சுற்றுச் சுற்றி, உயரத்தையும் வேகத்தையும் ஒழுங்காகக் குறைத்து, மழை விட்டிருந்த ஓடுபாதையில் இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. என் வேலைகள் எல்லாவற்றையும் செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், தட்ட வேண்டிய ஸ்விட்சுகளைத் தட்டினேன். பிழை ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க என் பயம் தரைக்கு வரவில்லை. மேகத்துக்குள் இருந்தபோது செத்துவிடுவேனோ என்று பயம். இப்போது, பிழைத்து வந்து யாரைப் பார்க்கப் போகிறேனோ என்று.

விமானம் நின்றதும் ஃபோனை எடுத்தேன். அவள் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ராடார் அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, வெளியே பூட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார்வார்கள். அது எனக்குத் தெரியாததா? இருந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். கேப்டன் புதுக் கிராம்பு ஒன்றை எடுத்து வாயில் போடப் பார்த்தார். அது தவறி மடியில் விழுந்தது. அதை அவர் தேடவில்லை.

"பாய், நீங்க போங்க. மிச்சத்த நான் பார்த்துக்கறேன்" என்றார். என் தோளை ஒரு தடவை பிடித்து விட்டார்.

ஊழியர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் எங்கள் கார் நின்றிருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன, எஞ்சின் ஓடவில்லை, ஏசி இல்லை. உள்ளே புழுங்கி முகமெல்லாம் வியர்வை. கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சட்டையை, கையை, முகத்தை. கடையிலிருந்து வாங்கி வந்த சாமானைச் சரிபார்க்கிற மாதிரி. பிறகு முன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உடம்புக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் வேற ஆள் பேசினாரு?"

"நான்தான் குடுத்தேன். ஹெட்செட்டக் கழட்டிப் பக்கத்துல இருந்த சார் கையில குடுத்துட்டேன்."

"ஏன்? ரொம்ப ரஷ்ஷா?"

"ரஷ்ஷெல்லாம் நான் பார்க்காததா?" என்றாள். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டத் தெரியாமல் பேண்ட்டை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ முடியாதுன்னு சொன்னதும் ஸ்க்ரீன்ல எல்லாரும் இருந்தாங்க. யாரும் மறையல. எல்லாரும் நல்லாத்தான் தெரிஞ்சாங்க. ஆனா எல்லாரும் உன் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துது. எனக்குக் கோவம் வந்துருச்சு."

"அந்த நேரத்துல யாருக்கும்..."

"இரு, சொல்றேன். ரைட்ல ஒருத்தரத் திருப்பினேன்ல? திருப்பினது கரெக்ட்தான். சார் பக்கத்துலயே பார்த்துட்டுதான் இருந்தாரு. ஆனா நான் அவங்களப் பார்த்துத் திருப்பல. எடத்தக் காலி பண்ணுன்னு திருப்பினேன். அந்தப் பக்கம் அவங்களுக்கு மழை இருக்கா, என்ன இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. தோணலன்னுகூட இல்ல. எப்படியோ போங்கன்னு இருந்துது."

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அதுலயும் ஃபுல் லோடு ஜனம். எப்படியோ போகட்டும்னு இருந்துட்டேன். நான். சம்பளம் வாங்குறது அவங்கள எறக்கத்தான." அவள் குரல் ரொம்பவும் இறங்கிப் போயிருந்தது. "அதப் பார்த்துதான் பயந்துட்டேன். உன் மேகத்தப் பார்த்து இல்ல."

சொன்னால் வெட்கம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு இந்த மாதிரி ஒன்றைச் சொன்னதே இல்லை. காதல் கீதல் என்றால் முகத்தைச் சுளிக்கிறவள். ஒரு வானத்தையே ஒதுங்கு என்று சொல்லியிருக்கிறாள் எனக்காக. கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீட்டினேன். பாதி வழியில் அந்த இன்னொரு விமானம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதன் துணை விமானியின் குரல் எனக்குக் கேட்டிருந்தது. இளம் குரல். உடனே, அப்படியே, ஒரு கேள்வி கேட்காமல் திருப்பிச் சொன்னது. நான் இத்தனை வருஷம் சொன்ன மாதிரியே.

"ஒண்ணும் ஆகலையே" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"ஆகல. அவங்களும் எறங்கிட்டாங்க. வெளிய வந்ததும் மொதல்ல அததான் கேட்டேன்." துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாளைக்கே மேல சொல்லிடப் போறேன். நீ வர்ற நேரத்துல நான் உக்கார மாட்டேன். வேற யாராவது உக்காரட்டும்."

"நம்மள மாதிரி எத்தனை பேர் இருக்காங்க. எல்லாரும் சமாளிக்கல?"

"அவங்க சமாளிக்கட்டும். எனக்கு நக்கோ."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, இறங்கிச் சுற்றி வந்தாள். நான் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தேன். செகந்திராபாத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மரக்கிளைகள் முறிந்து கிடந்தன. மகள் தூங்கியிருக்கவில்லை. ஆலங்கட்டி பொறுக்கி ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன், எல்லாம் தண்ணீராகிவிட்டது என்று தெலுங்கில் என்னிடம் புகார் சொன்னாள். அவள் அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. இறக்கிவிடவே இல்லை.

சொன்னபடியே செய்தாள். இப்போது நான் ஹைதராபாத்துக்குள் வரும் நேரத்தில் அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள், வேறு யாராவது பேசுகிறார்கள். எனக்கும் முடியாது என்று சொல்வது பழகிவிட்டது. தேவைப்பட்டால் யோசிக்காமல் சொல்கிறேன். அதில் இப்போது பயம் இல்லை.

பயம் வேறொன்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் இறங்குவது இந்த ஒரு ஊரில் மட்டும் இல்லை. வாரத்தில் ஆறேழு ஊர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குரல். அவர்களும் வீட்டிலிருந்து கிளம்பி வந்து உட்கார்ந்தவர்கள்தான். மோசமான வானிலையில் முகம் தெரியாத ஒரு குரல் எங்களை உடனே திரும்பு, ஒதுங்கு என்று சொல்லும்போது, சரி என்று திருப்பிச் சொல்வதற்கு முன்னால் மனத்துக்குள் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. யாருக்கு வழி விட நாங்கள் ஒதுங்குகிறோமோ, அந்த விமானத்தில் இருப்பவர் இந்தக் குரலுக்கு என்ன உறவு?